எல் போர்ட் தெ லா செல்வா: கடலோடு மலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஊர்

ஸ்பெயினின் வடகிழக்கு ஓரத்தில், பிரெஞ்சு எல்லையை அடுத்துள்ள கட்டலோனியக் கடற்கரையில், வெள்ளை வீடுகளும் மீன்பிடித் துறையும் கொண்ட சிற்றூர் எல் போர்ட் தெ லா செல்வா. வெயிலும் கடலும் மட்டுமே வேண்டுவோருக்கு ஊரையொட்டிய நீண்ட மணற்கரையே போதும். தனிமையை விரும்புவோர் சிறிது தூரம் நடந்தால் தமரியுவா என்னும் சிறு குடாவை அடையலாம். வடக்கிலிருந்து வீசும் திரமுந்தானா காற்று எழுந்துவிட்டால் மட்டும், எவ்வளவு வெயில் அடித்தாலும் கரையில் உட்கார முடியாது.

ஆனால் இவ்வூருக்கு வருமாறு நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், வெர்தேரா மலைச்சரிவில் நிற்கும் சன்ட் பெரே தெ ரோதெஸ் துறவு மடம்தான். கார் செல்லும் சாலை இருக்கிறது. என்றாலும், ஜி.ஆர்.11 நெடுநடைப் பாதையில், முன்பு திராட்சை விளைந்த கல்லடுக்கு மேடைகளின் ஊடாக ஏறிச் செல்வதே சிறந்தது. வழியில் நிழல் குறைவு என்பதால் காலையிலேயே புறப்பட்டு, போதிய தண்ணீரையும் கொண்டுசெல்ல வேண்டும்.

பெனடிக்ட் சபைத் துறவிகள் வாழ்ந்த இம்மடத்தின் தேவாலயம் 1022இல் வழிபாட்டுக்கென அர்ச்சிக்கப்பட்டது. உள்ளே நுழைந்ததும், உயர்ந்த பீடங்களின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் தூண்கள் பார்வையை மேலே இழுத்துச் செல்கின்றன. அவற்றின் உச்சியிலுள்ள போதிகைகளில் இலைகளும் கூடை முடைந்ததுபோன்ற பின்னல்களும் செதுக்கப்பட்டுள்ளன; அவற்றின் முன் அவசரமின்றி நிற்க வேண்டும்.

என்னை மிகவும் வருத்தியது நுழைவாயில். 1798இல் துறவிகள் வெளியேறிய பின் மடம் கைவிடப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில், இயற்பெயர் தெரியாததால் கபெஸ்தனி ஆசான் என்று அழைக்கப்படும் சிற்பி பளிங்கில் வடித்த வாயில் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சிதறிப்போனது. அதன் ஒரு பெரிய துண்டு பார்சலோனாவின் ஃப்ரெடரிக் மாரேஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. கடலில் படகிலிருக்கும் சீடர்களுக்கு இயேசு காட்சி தருவதை அது காட்டுகிறது. மீனவராயிருந்த பேதுருவின் பெயரால் எழுந்த மடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாயில் இருந்திருக்க முடியாது. பார்சலோனா வழியாக வருபவர்கள் அந்தச் சிற்பத்தை முதலில் பார்த்துவிட்டு இங்கே ஏறி வந்தால், வெறுமையாக நிற்கும் வாயிலில் நின்று கீழே துறைமுகத்துப் படகுகளைப் பார்க்கும்போது, அந்தப் பளிங்குப் படகு எங்கே இருந்திருக்க வேண்டும் என்பது புரியும்.