சஃபீர் ஷூ க்ரீம்: இவ்வளவு காசு கொடுத்து வாங்கலாமா, சென்னை ஈரத்துக்கு ஒத்துவருமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், க்ரீம் நல்ல க்ரீம்தான். ஆனால் இதை வாங்கலாமா என்று கேட்கிறவர்களில் நிறையப் பேருக்கு இது தேவையே இல்லை.

நான் சொல்வது சஃபீர் மெடாய் தோர் வரிசையில் வரும் பொம்மாதியே க்ரீம், 50 மில்லி கண்ணாடிக் குப்பி, பழுப்பு நிறம். பிரெஞ்சுச் சரக்கு. 1920-இல் ஆரம்பித்த பிராண்டு, 1925-இல் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியதாம், மெடாய் தோர் என்றால் பிரெஞ்சில் தங்கப் பதக்கம்தான், அதைத்தான் இன்னும் பெயரிலேயே ஒட்டவைத்துக்கொண்டு திரிகிறார்கள். தாத்தா காலத்துப் பதக்கத்துக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று எனக்கும் முதலில் எரிச்சல்தான், அதிலும் அந்த விலைக்கு செர்ரி பிளாசம் டப்பாக்களை அலமாரி முழுக்க அடுக்கி வைக்கலாம்.

மூடியைத் திறந்ததும் டர்பன்டைன் வாடை குப்பென்று வரும், ஃபேனைப் போட்டுவிட்டு உட்காருங்கள். உள்ளே இருப்பது மெழுகு, ஷியா வெண்ணெய், நிறமி, இவற்றைக் கரைத்து வைக்க அந்த டர்பன்டைன். டப்பாவில் வரும் மெழுகு பாலிஷுக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. மெழுகு பாலிஷ் தோலுக்கு மேலே ஒரு படலமாக உட்கார்ந்து பளபளப்பைக் கொடுக்கும், கொஞ்சம் தண்ணீரையும் தடுக்கும். ஆனால் அதை வாரா வாரம் தேய்த்துக்கொண்டே போனால் விரல் மடங்குகிற இடத்தில் படலம் தடித்து, வெள்ளை வெள்ளையாக வெடித்து நிற்கும், பார்க்கிறவர்கள் தோலே வெடித்துவிட்டது என்று நினைப்பார்கள். க்ரீமில் மெழுகு குறைவு, எண்ணெய்ப் பசையும் நிறமியும் அதிகம், அதனால் கொஞ்சம் உள்ளே இறங்கி, நிறம் போன இடத்தில் நிறத்தைத் திரும்பக் கொடுக்கிறது.

நிறம் போகிற இடம் எது என்று பைக் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடது ஷூவின் மேல்பக்கம், கியர் லீவர் உரசுகிற இடம். வலது ஷூ புதுசு மாதிரி இருக்கும், இடது ஷூவில் மட்டும் கட்டைவிரலுக்கு மேலே பட்டையாக வெளுத்து, தோலின் மேல் பூச்சு போய் சொரசொரவென்று நாரெழும்பி நிற்கும். இந்த க்ரீமை நான் வாங்கியதே அதற்காகத்தான், அந்த இடத்தில்தான் அது காசுக்கு வேலை செய்தது. முதலில் ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டேன். பழைய பனியன் துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, பச்சைப்பயறு அளவு க்ரீமை எடுத்து, அந்தப் பட்டையில் மட்டும் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து, பத்து நிமிஷம் விட்டு, பிரஷால் தேய்த்ததும் முதல் பூச்சிலேயே வெளுப்பு பாதி அடங்கியது. மறுநாள் இன்னொரு பூச்சு. இப்போது வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். நாரெழும்பியது மறையவில்லை, அது எந்த க்ரீமாலும் மறையாது, படுத்திருக்கிறது அவ்வளவுதான். கியர் பக்கத்துக்கு ரப்பர் பட்டை ஒன்று தனியாக விற்கிறார்கள், ஷூ மேல் மாட்டிக்கொள்வது, பார்க்க அசிங்கமாக இருக்கும் ஆனால் உபயோகம்.

சரி, யாருக்கு வேண்டாம்? ஷூவில் யாருக்கும் தெரியாத ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நிமிஷத்தில் அந்த இடம் கறுத்து, பிறகு காய்ந்து பழைய நிறத்துக்கு வந்தால் தோல் உறிஞ்சுகிறது, க்ரீமுக்கு வேலை இருக்கிறது. தண்ணீர் முத்தாக உருண்டு அப்படியே நின்றால், ஒன்று மேலே மெழுகு ஏறிக் கிடக்கிறது, இல்லையென்றால் தோலைத் தேய்த்துச் சமப்படுத்தி மேலே பிளாஸ்டிக் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். ஆபீஸுக்கென்று நாம் வாங்குகிற பளபளா கறுப்பு ஷூ பெரும்பாலும் இந்த ரகம்தான், அதற்கு ஈரத்துணியும் சாதாரண மெழுகு டப்பாவும் போதும். பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும் ஸ்வேட் தோல் மேல் தப்பித்தவறிக்கூட இதை வைக்காதீர்கள், அந்தப் பஞ்சுத்தன்மையே போய்விடும்.

அடுத்தது நம்ம ஊர் ஈரம். ஷூ பராமரிப்பு பற்றி வெளிநாட்டுக்காரர்கள் போடுகிற வீடியோக்களில் மாசா மாசம் கண்டிஷனர், க்ரீம், அதற்கு மேல் மெழுகு என்று பூசுகிறார்கள். அவர்களுக்கு அது சரி. குளிர்காலம், வீட்டுக்குள் ஹீட்டர், ரோட்டில் பனி உருகப் போடும் உப்பு, எல்லாம் சேர்ந்து தோலை வறட்டி விடுகிறது. சென்னையில் தோல் வறண்டு வெடிப்பதைவிட பூசணம் பூப்பதுதான் பெரிய தொல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மர அலமாரிக்குள் மூடி வைத்த ஷூவை எடுத்துப் பாருங்கள், தையல் ஓரத்திலும் நாக்குக்கு அடியிலும் சாம்பல் நிறத்தில் பொசுபொசுவென்று பிடித்திருக்கும். கண்டபடி பூசிய எண்ணெய்ப் பசை அதற்குத் தீனி. தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் மிருதுவாகும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள், ஆகும்தான், கூடவே கறுத்துப்போய், நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும், தூசியும் ஒட்டும். ஆகவே இந்த க்ரீம் இங்கே வருஷத்துக்கு மூன்று, நான்கு தடவை போதும். மழைக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை, முடிந்த பிறகு ஒருமுறை, நடுவில் உரசல் பட்டால் அந்த இடத்துக்கு மட்டும்.

பூசணம் வந்துவிட்டால் அதன் மேலேயே க்ரீமைத் தேய்ப்பது வீண். மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ எடுத்துப் போய் துடைத்து, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, நிழலில் காற்றாட ஓரிரு நாள் வையுங்கள். அதற்குப் பயன்படுத்திய துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நனைந்த ஷூவுக்கும் வெயில் ஆகாது, ஹேர் டிரையர் அதைவிட ஆகாது. சூடு பட்டால் ஈரத்தோல் சுருங்கி விறைத்துப்போகும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஊறியதும் மாற்றிக்கொண்டே இருந்தால் போதும். தினமும் ஒரே ஷூவைப் போடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலே பாதி ஆயுள் கூடும். மழைத் தண்ணீர் தேங்குகிற வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்கள் மழை மாசங்களில் ரப்பர் செருப்பில் போய் ஆபீஸில் ஷூ மாற்றிக்கொள்கிறார்கள், எந்த க்ரீமைவிடவும் அது நல்ல பராமரிப்பு.

காசு இருந்தால் முதலில் பிரஷுக்குச் செலவு செய்யுங்கள் என்பேன். குதிரை முடி பிரஷ், கை நிறையப் பிடிக்கிற பெரிய அளவு. ஷூவைக் கழற்றியதும் அரை நிமிஷம் தேய்த்தால் தூசி மடிப்பில் தங்காது. தூசிதான் மடிப்பில் உட்கார்ந்து உப்புத்தாள் மாதிரி தோலை அறுக்கும். குதிரை முடி என்று சொல்லி நைலானை விற்கிறவர்கள் உண்டு, ஒரே ஒரு முடியைப் பிடுங்கி நெருப்பில் காட்டுங்கள், தலைமுடி கருகிய வாடையோடு பொடியானால் அசல், உருகி உருண்டையானால் நைலான். பெரியமேட்டுப் பக்கம் தோல் சாமான் கடைகளில் விசாரித்தால் பிரஷ் கிடைக்கும். க்ரீம்தான் ஆன்லைனில் வாங்க வேண்டியிருக்கிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே தோலும் ஷூவும் அனுப்புகின்றன, அடையாறில் 1948-லிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, இருந்தும் ஷூ க்ரீமுக்கு நான் பிரான்ஸைப் பார்க்க வேண்டியிருப்பது எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல்.

மாலில் 'ஷூ ஸ்பா' என்று போர்டு போட்ட ஒரு கடையில் ஒருமுறை கொடுத்துப் பார்த்தேன். ஏதோ திரவ பாலிஷைப் பூசி பிளாஸ்டிக் மாதிரி மின்னவைத்துக் கொடுத்தார்கள், அதைத் தேய்த்து எடுக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அதற்குப் பதில் தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் அண்ணனிடம் தையல் விட்ட ஓரத்தைக் கொடுங்கள், மெழுகு நூலில் இழுத்துத் தைத்துக் கொடுப்பார், பாலிஷ் மட்டும் வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம், பழைய ஷூவைப் பத்திரமாக டப்பாவில் வைத்துவிட்டு வருஷக்கணக்கில் போடாமல் இருந்தால் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிரும் தெரியுமா, அது பாலியூரித்தேன் அடிப்பாகம், காற்றில் இருக்கிற ஈரமே அதை உடைத்துவிடுகிறது. மேல் தோலுக்கு எவ்வளவு க்ரீம் போட்டாலும் அதைக் காப்பாற்ற முடியாது. அந்த ஷூவுக்கு இந்தக் காசைச் செலவழிக்காதீர்கள்.

வாங்குவதென்றால், பழுப்பு ஷூவுக்கு உங்கள் ஷூவைவிட ஒரு படி வெளிர் நிறமாக எடுங்கள், இருட்டு நிறம் மேலே ஏறினால் இறக்குவது கஷ்டம். கறுப்பு ஷூ மட்டும் வைத்திருப்பவர்களுக்கு, கியர் உரசல் இல்லையென்றால், மெழுகு டப்பாவே போதும். குப்பியை நன்றாகத் திருகி மூடி வையுங்கள், இல்லாவிட்டால் டர்பன்டைன் ஆவியாகி க்ரீம் கண்ணாடியை விட்டு விலகிச் சுருங்கிக் கட்டியாகிவிடும். 50 மில்லியே ஒரு வீட்டுக்கு வருஷக்கணக்கில் வரும்.