கோடை மக்காச்சோளத்துக்குச் சொட்டுநீரா, சால் பாசனமா?

சாலில், அதாவது பயிர் வரிசைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில், தண்ணீர் விடுவது எளிது. குழாய், வடிகட்டி என்று முதலீடு கிடையாது. மடையைத் திறந்தால் போதும். ஆனால் கோடையில் அந்த நீரில் கணிசமான பகுதி ஆவியாகவும் வேருக்குக் கீழே இறங்கியும் வீணாகிறது. சால் பாசனத்தில் பயிருக்குப் பயன்படுவது பொதுவாகப் பாதியிலிருந்து முக்கால் பங்குக்குள்தான். நன்கு பராமரித்த சொட்டுநீரில் அது 90 சதவீதத்தை எட்டும்.

இந்தக் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பூக்கும் பருவம். கதிரில் பட்டிழை, அதாவது மகரந்தத்தை ஏற்கும் மெல்லிய நூல்கள், வெளிவரும் நாட்களை ஒட்டிய இரண்டு வாரங்களில் செடி வாடினால், இழை தாமதமாக வரும். அதற்குள் மகரந்தம் உதிர்ந்து முடிந்துவிடும். கதிரில் மணி பிடிக்காத பொக்கை விழும். பிறகு எத்தனை முறை பாய்ச்சினாலும் அந்த இழப்பு திரும்பாது. முறைவைத்துப் பாய்ச்சும் சாலில் இரண்டு பாய்ச்சலுக்கு நடுவே மண் காய்கிறது. சொட்டுநீரில் தினமும் சிறிது கொடுத்து வேர்ப்பகுதியை ஈரமாகவே வைக்கலாம். தழைச்சத்தையும் அதே குழாயில் பல தவணைகளாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

செலவுதான் தடை. மக்காச்சோளம் நெருக்கமான பயிர் என்பதால் குழாய் நிறையத் தேவைப்படும். இரட்டை வரிசைக்கு ஒரு குழாய் என்று நட்டால் குறையும். அடைப்பு, எலிக்கடி இரண்டையும் கவனிக்க வேண்டும்.

நீர் தாராளமாக இருந்தால் சால் போதும். கிணறு வற்றும் நிலத்தில் நான் தயங்காமல் சொட்டுநீரையே சொல்வேன்.