ட்ராவல் ட்ரைபாட் வாங்கப் போறீங்களா? முதல்ல காலை முழுசா இழுத்துப் பாருங்க

தனுஷ்கோடியில ஒரு சாயங்காலம் பூரா நின்னு எடுத்த 23 படமும் வீணாப் போச்சு, என் ட்ரைபாட் தேடல் அங்கேர்ந்து தான் ஆரம்பிச்சது. 1964 புயல்ல இடிஞ்ச சர்ச்சு இருக்குல்ல, அதைத் தாண்டி கடற்கரையில, அலையெல்லாம் பனி மாதிரி வழவழன்னு வரணும்னு 10 ஸ்டாப் என்டி ஃபில்டர் மாட்டி 30 செகண்ட் வச்சு எடுத்தேன். அந்த ஃபில்டர் வெளிச்சத்தை ஆயிரத்துல ஒரு பங்கா குறைச்சிடும், அதனால அரை நிமிஷம் கேமரா அசையவே கூடாது. கேமரா ஸ்க்ரீன்ல எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சது, வீட்டுக்கு வந்து லேப்டாப்ல பெருசு பண்ணிப் பாத்தா ஒரு கல்லோட விளிம்பு கூட ஷார்ப்பா இல்ல. அப்ப வச்சிருந்தது ஆன்லைன்ல மலிவா வாங்கின ஒரு ட்ரைபாட், பேரு வேணாம். அரைக்கிலோ தான் இருக்கும், தலை பூரா ப்ளாஸ்டிக், விரல் தண்டிக்கு கால். அங்க அடிக்கிற காத்துக்கு அது எப்படி நிக்கும்?

அதுக்கப்புறம் நாலஞ்சு மாசம் கடை கடையா ஏறி, ஃப்ரெண்ட்ஸ் வச்சிருக்கிறதை எல்லாம் கடன் வாங்கி தூக்கிட்டுப் போய்ப் பாத்துட்டு தான் ஒண்ணு வாங்கினேன். அதுல புரிஞ்ச முக்கியமான விஷயம், பெட்டியில போட்டிருக்கிற மேக்ஸிமம் ஹைட்டை நம்பி வாங்காதீங்க. அந்த ஹைட்டு நடுத்தண்டை முழுசா ஏத்தினா வர்ற ஹைட்டு. நடுத்தண்டு ஏறிடுச்சுன்னா மூணு கால்ல நிக்கிற கேமரா ஒத்தக் கம்பு மேல நிக்குது, காத்து லேசா தட்டினாலே ஆடும். மதுரையில ஒரு கடையில அந்தத் தம்பி "அண்ணே, அஞ்சடி வருதுண்ணே"ன்னு இழுத்துக் காட்டினாரு, "தம்பி, நடுத்தண்டை இறக்கிட்டு காட்டுங்க"ன்னேன், நெஞ்சு வரைக்கும் தான் வந்துச்சு. நெஞ்சளவு போதுங்க, இப்ப நிறைய கேமராவுல ஸ்க்ரீன் மடங்கி நிமிருது, கண்ணு உயரத்துக்கு வரணும்னு அவசியமே இல்ல.

அடுத்தது காலோட கடைசிப் பகுதி. ஒரு குழாய்க்குள்ள ஒரு குழாயா போறதால நாலு பகுதி, அஞ்சு பகுதின்னு கூடக் கூட மடிச்சா சின்னதாகும், ஆனா அடியில வர்றது குச்சியா மெலிஞ்சிடும். கடையிலயே கால் எல்லாத்தையும் இழுத்து, லாக் பண்ணி, தலையில உள்ளங்கையை வச்சு அமுக்கி லேசா திருகிப் பாருங்க, எங்க நெளியுதுன்னு கையிலயே தெரியும். உங்க கேமராவையும் இருக்கிறதுலயே கனமான லென்ஸையும் கொண்டு போங்க. மாட்டி, லைவ் வியூவை (ஸ்க்ரீன்ல நேரடியா தெரியற காட்சி) 10 மடங்கு பெருசு பண்ணி, லென்ஸ் நுனியை ஒரு தட்டு தட்டுங்க. ஸ்க்ரீன்ல ஆட்டம் ரெண்டு செகண்டுக்குள்ள அடங்கினா நல்ல ட்ரைபாட், அடங்காம ஆடிக்கிட்டே இருந்தா வச்சிட்டு வந்துடுங்க. எட்டு கிலோ தாங்கும், பத்து கிலோ தாங்கும்னு போட்டிருக்கிறதை வச்சு முடிவு பண்ண முடியாது, தாங்குறது வேற ஆடாம நிக்கிறது வேற.

நான் கடைசியில வாங்கினது மேன்ஃப்ராட்டோ பீஃப்ரீ அட்வான்ஸ்டு, அலுமினியம், ட்விஸ்ட் லாக் (திருகிப் பூட்டுற கால்). ஒன்றரை கிலோ பக்கம் வரும், மடிச்சா 40 செ.மீ., தண்டை ஏத்தினா 150 செ.மீ. கால் பின்பக்கமா மேல திரும்பி தலையைச் சுத்தி மடங்குறதால தான் அவ்வளவு சின்னதாகுது (இந்த மடிப்பை 2004ல கிட்ஸோ கம்பெனி அவங்க ட்ராவலர் ட்ரைபாட்ல கொண்டு வந்தாங்க, இன்னிக்கு பாதி கம்பெனி அதையே தான் பண்ணுது). 40 செ.மீ. எனக்கு ரொம்ப முக்கியம், ஃப்ளைட்ல கேபின் பேக் 55 செ.மீ. தான், பைக்குள்ளயே படுத்துக்கும், வெளிய கட்டித் தொங்க விட்டா பஸ்ல ஏறும்போது எல்லார் மேலயும் இடிக்கும். பால்ஹெட்ல (கேமராவை எந்தப் பக்கமும் சாய்க்க விடுற உருண்டைத் தலை) ஃப்ரிக்‌ஷனுக்கு தனி திருகு இருக்கு, லூஸ் பண்ணினாலும் கேமரா பொத்துன்னு சாயாது, அது பெரிய நிம்மதி. ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, இதோட ப்ளேட் (கேமரா அடியில திருகி தலையில மாட்டுற தகடு) ஆர்க்கா டைப் தலையில, அதாவது பல கம்பெனியும் பண்ணுற பொது வகைத் தலையில உக்காரும், ஆனா மத்த ஆர்க்கா ப்ளேட் இந்தத் தலையில உக்காராது, ஏற்கெனவே எல் ப்ராக்கெட் (கேமராவை படுக்கவும் நிமிர்த்தியும் மாட்ட உதவுற எல் வடிவ ப்ளேட்) வச்சிருக்கவங்க யோசிச்சு வாங்கணும்.

பீக் டிசைன் ட்ராவல் ட்ரைபாட் ஒரு ஃப்ரெண்டுகிட்ட இருக்கு, கார்பன் ஃபைபர். 1.3 கிலோ கூட வராது, 39 செ.மீ., கால் உருண்டையா இல்லாம ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உக்காரும், தண்ணி பாட்டில் வைக்கிற இடத்துல சொருகிடலாம். அழகான வேலை, விலையும் அதுக்கேத்த மாதிரி, நான் காசை லென்ஸுக்கு வச்சுக்கிட்டேன். கார்பன் அருமை கொழுக்குமலையில தெரிஞ்சது, சூரியநெல்லியிலேர்ந்து விடியறதுக்கு முன்னாடியே ஜீப்ல ஏறிப் போய் நின்னா என் அலுமினியக் கால் ஐஸ் மாதிரி இருக்கு, அந்த ஃப்ரெண்டு வெறுங்கையால சாதாரணமா பிடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. அடிக்கடி மலைக்குப் போறவங்களுக்கு கார்பனுக்குக் குடுக்கற காசு தகும்.

திரும்பவும் தனுஷ்கோடி போனேன், அதே இடம். தண்டை ஏத்தல, அடிக்காலை இழுக்கல, மேல இருக்கிற தடிமனான பகுதி மட்டும் இழுத்து, ஒரு காலை காத்து வர்ற திசைக்கு நீட்டி, பையை ட்ரைபாட்லேர்ந்து தரையில நல்லா பட்டு உக்கார்ற மாதிரி கட்டினேன். அந்தரத்துல தொங்கினா பையே ஊஞ்சல் ஆடி ட்ரைபாடையும் ஆட்டிடும். லென்ஸ்ல கை ஆட்டத்தைச் சரி பண்ணுற ஸ்டெபிலைசர் ஆஃப், பட்டனை அமுக்குற ஆட்டம் அடங்க 2 செகண்ட் டைமர். இந்தத் தடவை கல்லுல இருக்கிற ஓட்டை கூடத் தெளிவா வந்திருக்கு.

கடற்கரைக்குப் போய்ட்டு வந்தா அன்னிக்கே கழுவிடுங்க, இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க. நான் அப்படியே விட்டுட்டு மறுநாள் மொட்டை மாடியில உக்காந்து லாக்கைத் திருகினா கரக் கரக்னு சத்தம், கழட்டிப் பாத்தா மரைக்குள்ள பொடி மணல் உப்போட ஒட்டியிருக்கு. நல்ல தண்ணியில அலசி பழைய டூத் ப்ரஷ்ஷால தேய்ச்சு, நிழல்ல காய வச்சு மாட்டினேன். உள்ள பாதி வளையல் மாதிரி சின்ன ப்ளாஸ்டிக் துண்டுகள் இருக்கும், எது எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ஒரு படம் எடுத்துக்கோங்க, தலைகீழா மாட்டினா லாக் பிடிக்காது.

அப்புறம் தஞ்சாவூர் பெரிய கோயில், மாமல்லபுரம்னு ப்ளான் வச்சிருந்தீங்கன்னா, தொல்லியல் துறை பாக்குற இடங்கள்ல ட்ரைபாட் விரிக்க முன்கூட்டியே அனுமதி வாங்கணும், கையில பிடிச்சு எடுக்கிறதுக்குப் பொதுவா தடையில்ல. அனுமதி வாங்கலைன்னா அந்த ட்ரிப்புக்கு எவ்வளவு லைட்டான ட்ரைபாடா இருந்தாலும் வீட்டுலயே வச்சிட்டுப் போங்க.