நாணயமா, சீட்டுக்கட்டா, தாயக்கட்டையா?

பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்தப் போகும்போது கையில் எதை எடுத்துப் போவது? பாடநூல் காட்டுவது நாணயம், பகடை, சீட்டுக்கட்டு. நான் தாயக்கட்டையையும் சோழியையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொள்வேன்.

முதலில் கழித்துக்கட்ட வேண்டியது சீட்டுக்கட்டு. சீட்டையே தொட்டறியாத பிள்ளைக்கு 52 சீட்டு, 4 வகை, வகைக்கு 13 என்பதெல்லாம் வெறும் மனப்பாடம். கிளாவர் என்றால் என்னவென்று விளக்குவதிலேயே பாதி பீரியட் போய்விடும். தேர்வில் வருமே என்பதற்காகக் கடைசியில் ஒருநாள் ஒதுக்கினால் போதும்.

நாணயம் சட்டைப் பையிலேயே இருக்கிறது, செலவில்லை. ஆனால் இரண்டு நாணயம் என்றதும் தகராறு தொடங்கும். "ரெண்டும் தலை, ரெண்டும் பூ, ஒண்ணு தலை ஒண்ணு பூ. மூணு வழிதானே சார்? அப்போ மூணுல ஒண்ணு." திட்டாதீர்கள். பெரிய கணித மேதையான தலாம்பேரே 1754இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில், இருமுறை சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு 2/3 என்று எழுதிவைத்தார். சரியான விடை 3/4. சமவாய்ப்பு இல்லாத மூன்றைச் சமமாக எண்ணிய அதே பிசகுதான். ஒரு ரூபாயும் ஐந்து ரூபாயுமாகச் சேர்த்துச் சுண்டச் சொல்லுங்கள். தலை-பூ வேறு, பூ-தலை வேறு என்பது கண்ணுக்கே தெரியும்.

இரண்டு பகடைக்கு 36 கட்டம் போட வேண்டும். இரண்டு தாயக்கட்டைக்கு 16 போதும். ஒவ்வொரு கட்டையிலும் வெறும் பக்கம், 1, 2, 3 என நான்கு முகங்கள். கரும்பலகையில் 4×4 கட்டம் போட்டால் கூறுவெளி, அதாவது வரக்கூடிய விளைவுகள் முழுதும் அடங்கிவிடும். இரண்டையும் கூட்டி மூன்று விழ 4/16, தாயம், அதாவது ஒன்று விழ 2/16, ஆறுக்கு 1/16. இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கும் 1/16தான்.

தாயம் விழுந்தால்தானே காய் இறங்கும்? "உருட்டி உருட்டிக் கை வலிக்குது சார், விழவே மாட்டேங்குது" என்பவனுக்கு நிரப்பு நிகழ்ச்சியை, அதாவது ஒன்று நடக்காமல் போவதை, அங்கேயே சொல்லிவிடலாம். ஒருமுறை விழாமலிருக்க 7/8. பத்து முறையும் விழாமலிருக்க அதையே பத்து தடவை பெருக்க வேண்டும், ஏறக்குறைய 0.26. நாலு பேர் உட்கார்ந்து ஆடினால் ஒருவனாவது பத்து உருட்டலுக்கு வெளியே காத்துக்கிடப்பதில் வியப்பில்லை. ஒரு குறை, பழைய பித்தளைக் கட்டைகள் சில ஒருபக்கம் சாயும். 160 முறை உருட்டி, தாயம் 20க்குப் பக்கத்தில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சோழியில் இந்தக் கட்டக் கணக்கே செல்லாது. வாய் மேலே, முதுகு மேலே என்று விளைவு இரண்டுதான், ஆனால் பாதிப்பாதி இல்லை. போட்டுப் போட்டு எண்ணித்தான் தெரிந்துகொள்ள முடியும். இப்படிச் செய்துபார்த்துக் காணும் பட்டறி நிகழ்தகவுக்கு இதைவிட நல்ல பொருள் நான் பார்த்ததில்லை. ஒருமுறை பெரிய சோழி ஒரு குழுவுக்கும் சின்னது இன்னொரு குழுவுக்கும் போய்விட்டது. ஆளுக்கொரு விடை, "யாருது சார் சரி?" என்று ஒரே சண்டை. இப்போதெல்லாம் வேண்டுமென்றே அப்படித்தான் பிரித்துக் கொடுக்கிறேன்.