சுகர் கோட்டின் மேலேயே இன்சுலின்: நைட்ஸ்கவுட் பயன்படுத்திய அனுபவம்

எனக்கு டைப் 1 சர்க்கரை நோய். கையில் சுகர் அளக்கும் சென்சார் ஒட்ட ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன, அதில் பெரும்பகுதி, அந்த அளவுகளை இணையத்தில் வரைபடமாகக் காட்டும் நைட்ஸ்கவுட்டோடுதான். புதிதாகச் சென்சார் வாங்குபவர்கள் எந்த ஆப் நல்லது என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போட்ட இன்சுலின் அந்தச் சுகர் கோட்டிலேயே தெரியுமா?

தெரியாவிட்டால் பாதிக் கதைதான் தெரியும். 5 நிமிடத்துக்கு ஒன்று என்று நாளைக்கு 288 அளவுகள் வந்து விழுகின்றன, ஆனால் 2 மணிக்கு ஏன் இறங்கியது என்று அந்த எண்கள் சொல்லாது, மதியம் போட்ட ஊசிதான் சொல்லும்.

நைட்ஸ்கவுட் இலவசம். 2013-இல் அமெரிக்காவில் ஜான் காஸ்டிக் என்பவர், தன் சின்ன மகனின் சுகரை வேலையிடத்தில் இருந்தே பார்ப்பதற்காக எழுதிய நிரலில் இருந்து வளர்ந்தது. நான் பேனா ஊசிதான் போடுகிறேன், இன்சுலின் பம்ப் கிடையாது. அதனால் எத்தனை யூனிட், எவ்வளவு மாவுச்சத்து என்று ஒவ்வொரு முறையும் நைட்ஸ்கவுட்டுடன் இணைந்த எக்ஸ்டிரிப் பிளஸ் என்ற போன் ஆப்பில் நானே பதிய வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனாலும் அதை விட்டால் மற்ற எதற்கும் அர்த்தம் இல்லை.

பதிந்தால் என்ன கிடைக்கும்? இரவு 7.30-க்கு தோசைக்கு 6 யூனிட் போடுகிறேன் என்று வையுங்கள். 9.15-க்கு சுகர் 212, அம்புக்குறி கிடைமட்டமாக இருக்கிறது, அதாவது சுகர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வெறும் எண்ணை மட்டும் பார்த்தால் இன்னும் 2 யூனிட் போடத்தான் கை போகும். பக்கத்திலேயே ஐஓபி, அதாவது உடம்பில் இன்னும் வேலை செய்ய மிச்சமிருக்கும் இன்சுலின், சுமார் 4 யூனிட் என்று காட்டுவதைப் பார்த்தால் பேனாவை எடுக்க மாட்டீர்கள். நடுராத்திரி லோ ஆகாமல், அதாவது சுகர் ஆபத்தாக இறங்காமல், என்னைக் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்த ஒரு எண்தான். ஆனால் ஒன்று, இன்சுலின் எத்தனை மணி நேரம் வேலை செய்யும் என்ற அமைப்பு முதலில் 3 மணி என்று இருக்கும், நான் டாக்டரிடம் பேசி 5 ஆக்கிக்கொண்டேன். 3 என்றே விட்டிருந்தால் அதே 9.15-க்கு மிச்சம் 1.7 என்றுதான் காட்டும். ஒரே ஊசி, ஒரே நேரம், எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! நிறுவியதும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அப்புறம் அந்த வரைபடத்தின் அளவுகோல். 40-க்கும் 80-க்கும் நடுவே உள்ள உயரமும் 200-க்கும் 400-க்கும் நடுவே உள்ள உயரமும் ஒன்றாகவே இருக்கும், மடக்கை அளவுகோல். முதலில் விநோதமாகத் தெரியும். ஆனால் ஆபத்து கீழ்ப்பக்கம்தானே? 70-இல் இருந்து 55-க்குப் போவது சாதாரண வரைபடத்தில் கண்ணில் படாத சரிவு, இங்கே நன்றாகத் தெரிகிறது.

டாக்டரிடம் போகும்போது ஏஜிபி அறிக்கையும் வேண்டும். 14 நாள் அளவுகளை ஒரே 24 மணி நேரத்தில் அடுக்கிக் காட்டும் ஒரு பக்கம் அது. மேலே 70 முதல் 180-க்குள் எவ்வளவு நேரம் இருந்தோம் என்ற பட்டை, பெரும்பாலானவர்களுக்கு 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும், 70-க்குக் கீழே 4 சதவீதத்துக்குள். கீழே வரைபடத்தில் எல்லோரும் அந்தந்த நேரத்து நடு அளவைக் காட்டும் நடுக்கோட்டைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் அதைச் சுற்றி, பெரும்பாலான அளவுகள் அடங்கும் வெளிப்பட்டையின் கீழ் விளிம்பைப் பாருங்கள். எனக்கு அதிகாலை 3 மணிக்கு நடுக்கோடு 110, அருமையாக இருந்தது, ஆனால் விளிம்பு 60-ஐத் தொட்டது. தூக்கத்தில் சென்சார் மேல் அழுத்திப் படுத்தாலும் பொய்யான லோ வரும் என்பதால் சில இரவுகள் எழுந்து விரல் குத்திப் பார்த்தேன். நிஜமான லோதான்.

ஆனால் காரணம் அந்த அறிக்கையில் இல்லை, ஏனென்றால் அதில் என் ஊசிகள் இல்லை. நைட்ஸ்கவுட்டின் தினசரிப் பக்கங்களையும் சேர்த்து அச்சடித்துக் கொண்டுபோனேன். அந்த இரவுகளில் சாப்பாட்டு இன்சுலின் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் சுகர் இறங்கியிருக்கிறது என்று டாக்டருக்கு உடனே தெரிந்தது, இரவில் போடும் நீண்ட நேர இன்சுலினில் 2 யூனிட் குறைத்தார். அடுத்த அறிக்கையில் கீழ் விளிம்பு 80-க்கு மேலே வந்துவிட்டது.