வெள்ளிக்கிழமை மீனும் ஒரு ஏர் ஃப்ரையரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏர் ஃப்ரையர் பொரிக்கிற மெஷின் இல்லை. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி, உள்ளே மேல்பக்கம் ஒரு ஹீட்டர் கம்பி, அதற்கு மேல் வேகமாகச் சுற்றும் விசிறி. சின்ன ஓவன், அவ்வளவுதான். இது புரியாமல் வாங்கியதால் முதல் மாதம் முழுக்க அதைத் திட்டிக்கொண்டே இருந்தேன். புரிந்த பிறகு எங்களுக்குள் சமாதானம்.

வாங்கியது மகளுக்காக. நாங்கள் இங்கிலாந்தில் ஹல் நகரத்தில் இருக்கிறோம். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குப் பதினொரு வயது. போன வருடம் அவளுக்கு சீலியாக் என்று உறுதியானது. கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் இருக்கிற குளூட்டன் உள்ளே போனால் உடம்பு தன் சிறுகுடலையே தாக்கும். மருந்து கிடையாது, ஆயுள் முழுக்கப் பத்தியம்தான். சப்பாத்தி போனதற்கு அவள் அழவில்லை. கேக் போனதற்குக்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதோடு சரி. வெள்ளிக்கிழமை ஃபிஷ் அண்ட் சிப்ஸ், அதாவது மாவில் முக்கிப் பொரித்த மீனும் நீளநீள உருளைக்கிழங்கு வறுவலும், இனிமேல் கிடையாது என்றபோதுதான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஹல்லில் பிறந்த பிள்ளை, வேறு எப்படி இருப்பாள்? ஐஸ்லாந்துக் கடல் வரை போய் காட் மீன் பிடித்து வந்த ஊர் இது. 1976-இல், மீன்பிடி உரிமைக்காக பிரிட்டனும் ஐஸ்லாந்தும் மோதிக்கொண்ட காட் யுத்தம் முடிந்து, ஐஸ்லாந்து தன்னைச் சுற்றி 200 கடல் மைலை அடைத்துக்கொண்டதும் இந்த ஊரின் பெரிய மீன்பிடிக் கப்பல்களுக்கு வேலை போயிற்று. ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைமுன் வரிசை மட்டும் குறையவில்லை. அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி சோறே அதுதான்.

கடை மீனில் சிக்கல் இரண்டு. மேல்மாவு கோதுமை, சிலர் அதில் பியரும் ஊற்றுவார்கள், அதில் பார்லி. சிப்ஸ் வெறும் உருளைக்கிழங்குதானே என்று நினைத்தால், அதுவும் மீன் பொரித்த அதே எண்ணெயில்தான் குளிக்கிறது. இங்கே ஒரு கடையில் "குளூட்டன் ஃப்ரீ உண்டு" என்று போர்டு பார்த்து நம்பி வாங்கினோம். மறுநாள் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. அப்புறம் போய்க் கேட்டால், மாவு தனியாம், சட்டி ஒன்றுதானாம். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அந்தப் பெயரைப் போடவே கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். தனிச்சட்டி வைத்து ஒழுங்காகச் செய்கிற கடைகளும், எண்ணெய் மாற்றுகிற அன்று மட்டும் முதலில் இதைப் பொரித்துக் கொடுக்கிற கடைகளும் இருக்கின்றன. ஆனால் ஒருமுறை பயந்த பிள்ளை கவுண்டருக்கு முன்னால் நிற்கவே மாட்டேன் என்கிறாள்.

ஆகவே ஏர் ஃப்ரையர். இரண்டு இழுப்பறை உள்ளது, தள்ளுபடியில் 150 பவுண்டு. பிராண்டு பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் கீழே அதைக் கொஞ்சம் திட்டப்போகிறேன். இரட்டை இழுப்பறை எடுத்ததற்குக் காரணம் அளவு இல்லை. இரண்டுக்கும் தனித்தனி ஹீட்டர், தனித்தனி விசிறி. இடது பக்கம் அவளுக்கு, வலது பக்கம் எங்களுக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். பிரித்தும் வைத்தேன். மூன்றாம் வாரமே என் வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, தூக்கக் கலக்கத்தில் இடது பக்கம் பரோட்டாவைச் சூடு பண்ணிவிட்டார். அன்றைக்கு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. தட்டை ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, மறுநாள் பச்சை டேப் ஒன்றை இடது கைப்பிடியில் சுற்றினேன். இன்றுவரை அது அங்கேதான் இருக்கிறது.

மீனுக்கு வருகிறேன். முதல் முயற்சி: குளூட்டன் இல்லாத சுயமாய்ப் பொங்கும் மாவு, சோடா, உப்பு. கடையில் செய்வது போலத் தளதளவென்று கரைத்து, ஹேடக் மீன் துண்டை முக்கி உள்ளே வைத்தேன். எண்ணெயில் போட்டால் மாவு நொடியில் கட்டிக்கொள்ளும், சுற்றிலும் சூடு ஒரே நேரத்தில் பிடிக்கும். காற்றுக்கு அந்தச் சக்தி கிடையாது. அது மெதுவாகச் சூடாக்குவதற்குள் மாவு தட்டின் ஓட்டை வழியே ஒழுகிவிட்டது. மேலே மொட்டை மீன், கீழே அடுப்பில் சிந்திய தோசை மாவு மாதிரி காய்ந்த பொருக்கு. தட்டைச் சுரண்ட அரைமணி நேரம். தளர்ந்த மாவை ஏர் ஃப்ரையருக்குள் வைக்கச் சொல்லும் வீடியோ எதையாவது பார்த்தால், தயவுசெய்து அடுத்த வீடியோவுக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது முறை கார்ன் ஃப்ளேக்ஸை நொறுக்கி ஒட்டினேன். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: பெரும்பாலான கார்ன் ஃப்ளேக்ஸில் சுவைக்குப் பார்லி மால்ட் சேர்க்கிறார்கள், அதனால் குளூட்டன் இல்லாதது என்று எழுதியதையே தேடி எடுக்க வேண்டும். மொறுமொறுப்பு பிரமாதம். ஆனால் மீனைக் கடித்தால் காலைச் சாப்பாடு ஞாபகம் வருகிறது.

இப்போது நிலைத்திருக்கிற முறை இது. குளூட்டன் இல்லாத பிரெட் நான்கு துண்டை மிக்ஸியில் ஓட்டி, வாணலியில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பொன்னிறமாக வறுத்துக்கொள்கிறேன். இந்த ஒரு வேலையைச் சோம்பலில் விட்டுவிட்டால் மீன் வெந்துவிடும், தூள் வெளுப்பாகவே இருக்கும், ஆஸ்பத்திரி சாப்பாடு போல. மீனை டிஷ்யூ வைத்து நன்றாக ஒற்றி எடுத்து, முதலில் கார்ன்ஃப்ளோர், அப்புறம் அடித்த முட்டை, அப்புறம் வறுத்த தூள். ஹேடக் நம் சீலா மாதிரி கெட்டி கிடையாது, தொட்டால் இதழ் இதழாகப் பிரியும், நீரும் விடும். அதனால் தூள் போட்டதும் கால்மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் ஒட்டு நிற்கும். இழுப்பறையை ஐந்து நிமிடம் சூடாக்கிவிட்டு 200 டிகிரியில் பதினோரு நிமிடம். திருப்பவே கூடாது, திருப்பினால் சட்டை கழன்றுவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை இதைச் செய்துகொண்டிருந்தபோது தூத்துக்குடியிலிருந்து அம்மா வீடியோ காலில் வந்தார். "என்னட்டி இது, எண்ணெ இல்லாம மீன் பொரிக்கியாக்கும்? அது பொரிச்ச மீனா, சுட்ட மீனா?" என்றார். கேள்வி நியாயம்தான். அதோடு விடவில்லை. "நம்ம வீட்டுல மீனுக்கு என்னைக்குட்டி கோதுமை போட்டோம்? அரிசி மாவும் மிளகாத்தூளும் போட்டுக் கல்லுல பொரிச்சுக் குடேன்" என்றார். அதுவும் உண்மை. எங்கள் ஊர்ப் பொரித்த மீனில் குளூட்டன் நுழைய வழியே கிடையாது, நாள் தவறாமல் செய்து கொடுத்தாலும் சாப்பிடுவாள். ஆனால் அவள் கேட்டது அம்மம்மா மீன் இல்லை, அவளுடைய சிநேகிதிகள் சாப்பிடுகிற மீன். இதைப் பாட்டிக்குப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை, "சரிம்மா" என்றேன்.

சிப்ஸ் விஷயத்தில் மெஷினுக்கு முழு மார்க். மேரிஸ் பைப்பர் உருளைக்கிழங்கு, 1966-இல் வந்த ரகம், இந்த நாட்டுச் சிப்ஸ் கடைகளின் செல்லப்பிள்ளை. சுண்டுவிரல் கனத்துக்கு நறுக்கி அரைமணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் மேலே ஒட்டியிருக்கிற மாவுச்சத்து போய்விடும். துண்டில் நன்றாகத் துடைத்து, 700 கிராமுக்கு ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் பிசறி, 160 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம், அப்புறம் 200 டிகிரியில் இன்னொரு பன்னிரண்டு. நடுவில் இரண்டு குலுக்கல். பாதி அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள், காற்று போகாமல் அவிந்துவிடும். ஹல்லில் சிப்ஸுக்கு மேல் சிப் ஸ்பைஸ் என்று ஒரு சிவப்புத் தூள் தூவாமல் விடமாட்டார்கள். நான் உப்பு, பாப்ரிகா, பூண்டுப் பொடி கலந்து ஒரு பாட்டிலில் வைத்திருக்கிறேன். கொஞ்சம் காஷ்மீரி மிளகாயும் சேர்ந்திருப்பது அவளுக்குத் தெரியாது.

குளூட்டன் ஒளிந்திருக்கிற மற்ற இடங்களையும் சொல்கிறேன். ஜாடியில் வரும் இங்கிலீஷ் கடுகு விழுது சிலவற்றில் கோதுமை மாவு இருக்கிறது. டார்ட்டர் சாஸ் வாங்கினாலும் லேபிளைப் படியுங்கள். மால்ட் வினிகர் பார்லியில் செய்வதுதான், ஆனால் அதில் மிஞ்சுவது மிகச் சொற்பம் என்பதால் சாப்பிடலாம் என்று டயட்டீஷியன் சொன்னார். நம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்று: டப்பாவில் வருகிற கூட்டுப் பெருங்காயத்தைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் கோதுமை மாவுதான் அதிகம். மீனுக்குப் பெருங்காயம் போடமாட்டோம், சரி. ஆனால் ரசத்தில் அது எத்தனை மாதம் என் பிள்ளைக்குள் போயிருக்கிறது என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

இனி மெஷின் மேல் புகார். இழுப்பறை ஆழம்தான், அகலம் இல்லை; கடையில் கிடைக்கிற நீள மீன் இதில் படுக்காது, இரண்டாக வெட்டியே ஆக வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் முடிகிற மாதிரி வைக்கிற பட்டன் நல்ல வசதி, ஆனால் முடிந்ததும் அது அடிக்கிற பீப் சத்தத்தைக் குறைக்க வழியில்லை. பகலில் தூங்குகிற மனிதர் இருக்கிற வீடு இது. ஆறாவது மாதமே தட்டின் ஓரத்தில் கோட்டிங் உரியத் தொடங்கியது. இதில் பாதித் தப்பு என்னுடையது, கேனில் அடைத்து வரும் ஸ்பிரே எண்ணெயை அடித்துக்கொண்டிருந்தேன், அது கோட்டிங்குக்கு ஆகாதாம். இப்போது சாதாரணப் பம்ப் பாட்டில். மாற்றுத் தட்டு 18 பவுண்டு கேட்கிறார்கள், அது அநியாயம். லாபம் என்றால், ஜனவரியில் ஜன்னலைத் திறக்க முடியாத ஊரில் மீன் செய்தும் என் யூனிஃபார்மில் வாடை ஒட்டவில்லை.

வாங்கலாமா? வீட்டில் சீலியாக் இருந்தால், இரண்டு இழுப்பறை உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். கடை மீனின் அந்த உப்பிய, எண்ணெய் ஊறிய மேல்தோல்தான் வேண்டும் என்றால், சின்னச் சட்டியும் புது எண்ணெயும் போதும், பணத்தை வீணாக்காதீர்கள்.

போன வெள்ளிக்கிழமை, தட்டில் வைத்ததும் மகள் கை வைக்கவில்லை. வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து வந்து மீனையும் சிப்ஸையும் அதில் கொட்டி, வினிகரைத் தாராளமாக ஊற்றி, இறுக்கிச் சுற்றி, பத்து நிமிடம் மேஜை மேல் வைத்தாள். எட்டு மாதம் பாடுபட்டுக் கொண்டுவந்த என் மொறுமொறுப்பு அத்தனையும் உள்ளே ஆவியில் நமத்துக்கொண்டிருந்தது. பிரித்து ஒரு சிப்ஸை எடுத்துப் பார்த்தாள், அது வளைந்து தொங்கியது. "இப்பதாம்மா கடை மாதிரி இருக்கு" என்றாள்.