4313-ம் பில் எங்கே போனது? போஸ்ட்கிரெஸோடு எட்டு வருடம்

போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்கிற டேட்டாபேஸை 2018-ல் பதிப்பு 10-ல் ஆரம்பித்தேன், இப்போது ஓடுவது 17. நடுவில் வேறு டேட்டாபேஸுக்கு மாறலாமா என்று யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு தடவை யோசித்தேன், இரண்டு தடவையும் தப்பு என் பக்கம் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன். வேலை கோயம்புத்தூரில், சின்னக் குழு, ஜவுளிக்கடைகளுக்கான பில்லிங், ஸ்டாக் மென்பொருள். பேக்எண்ட் (சர்வர் பக்க நிரல்) ஜாங்கோ என்கிற பைத்தான் ஃப்ரேம்வொர்க்கில், அடியில் போஸ்ட்கிரெஸ். வேக ஒப்பீடு, அது பெரிசா இது பெரிசா என்கிற சண்டை எதுவும் இங்கே இல்லை. தினமும் இதோடு குப்பை கொட்டுகிறவன் எங்கெங்கே சறுக்கினான், அப்புறம் என்ன பழக்கத்தை மாற்றிக்கொண்டான் என்பது மட்டும்தான்.

முதல் வருட முடிவில் ஒரு கடையின் ஆடிட்டர் போன் செய்தார். "ஏன் தம்பி, 4312 இருக்குது, 4314 இருக்குது, நடுவுல ஒண்ணக் காணோமே? யாராச்சும் அழிச்சுட்டாங்களா?" அழிக்கவில்லை. டேபிளில் ஒவ்வொரு வரிக்கும் சீக்வென்ஸ் என்கிற எண்ணி தானாகத் தரும் ஐடியையே பில் எண்ணாக அச்சடித்துக்கொண்டிருந்தேன், அதுதான் வினை. பில் பதிகிற வேலைகள் எல்லாம் ஒரே கட்டு, அதாவது ஒரு டிரான்சாக்‌ஷன்; கார்டு மெஷின் மறுத்துவிட்டால் டிரான்சாக்‌ஷனை ரோல்பேக் செய்கிறோம் (மொத்தமாகத் திரும்பப் பெறுகிறோம்), பில் போய்விடுகிறது, ஆனால் அந்த பில்லுக்காக சீக்வென்ஸ் கொடுத்த எண் திரும்பி வருவதில்லை. இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்: இரண்டு கவுண்டர்கள் ஒரே நேரத்தில் எண் கேட்டால் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கக் கூடாது, அதனால் எண் கொடுப்பது டிரான்சாக்‌ஷனுக்குக் கட்டுப்படாது. சர்வர் திடீரென்று விழுந்து எழுந்தால் முப்பத்திரண்டு எண்கள் வரை ஒரே தாவாகத் தாவவும் செய்யும், 32 எண்களை முன்கூட்டியே ஒதுக்கிப் பதிந்து வைக்கிற ஏற்பாடு அது. ஆனால் ஜிஎஸ்டி விதி 46 கேட்பது தொடர் வரிசை எண், 16 எழுத்துக்குள், ஒரு நிதியாண்டுக்குள் ஒன்றுபோல் இன்னொன்று வராமல். ஆடிட்டருக்கு சீக்வென்ஸ் தத்துவத்தை விளக்கிப் பார்த்தேன். "அதெல்லாம் சரி தம்பி, 4313 எங்கே?" என்றார்.

சரி என்று ஒரு தனி டேபிள் போட்டேன்: கடை, நிதியாண்டு, கடைசி எண். பில் பதியும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் அந்த வரியில் ஒன்றைக் கூட்டி, அப்டேட்டோடு ரிட்டர்னிங் போட்டுப் புது எண்ணை வாங்கிக்கொள்வது. ரோல்பேக் ஆனால் எண்ணும் கூடவே பின்னால் போய்விடும், ஓட்டையே விழாது. இதற்குக் கொடுக்கும் விலை, அந்த ஒரு வரியின் பூட்டு. முதல் கவுண்டர் முடிக்கும் வரை அடுத்தது நிற்க வேண்டும். ஒரு பில் சில மில்லி விநாடிதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

தெரிந்தது, தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், சனிக்கிழமை சாயங்காலம், எட்டு கவுண்டர் உள்ள ஒரு கடையில். எட்டும் ஒரே நேரத்தில் நின்றன. ஒரு நிமிடம் நிற்கும், நாலு பில் போகும், மறுபடி நிற்கும். முதலாளி போனில் பேசும்போது பின்னால் கேட்ட சத்தத்தை இன்னும் மறக்கவில்லை. யார் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியைத் திறந்து பார்த்தால், ஒரே ஒரு கனெக்‌ஷன் 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' (டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டு சும்மா இருப்பது) என்று நாற்பது விநாடியாக உட்கார்ந்திருக்கிறது, மற்ற ஏழும் அதன் பூட்டுக்காக வரிசையில். சிபியு சும்மா இருக்கிறது, டிஸ்க் சும்மா இருக்கிறது. அந்த ஒரு கனெக்‌ஷன் என்ன செய்துகொண்டிருந்தது? வாடிக்கையாளருக்கு 'நன்றி, மீண்டும் வருக' என்று எஸ்எம்எஸ் அனுப்பிக்கொண்டிருந்தது. ஜாங்கோவில் ஒவ்வொரு ரிக்வெஸ்டையும் தானாக ஒரு டிரான்சாக்‌ஷனில் சுற்றும் அமைப்பைப் போட்டு வைத்திருந்தேன், எஸ்எம்எஸ் அழைப்பும் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டது. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கு நாமாகச் சொன்னால்தான் டைம்அவுட், சொல்லாவிட்டால் அந்தப் பக்கம் பதில் வரும் வரை காத்துக்கொண்டே இருக்கும். பண்டிகை நேரத்தில் அந்தப் பக்கத்துக்கும் நெரிசல். ஆக 4313-ஐக் கண்டுபிடிக்கப் போய் கடையையே நிறுத்தினேன்.

அன்று ராத்திரி செய்த மாற்றங்கள்தான் இன்று வரை புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்கிறவை. டிரான்சாக்‌ஷனுக்குள் நெட்வொர்க்கைத் தொடாதே. எஸ்எம்எஸ், மெயில், வெப்ஹூக் (வேறு சர்வருக்கு அனுப்பும் தகவல்) எதுவானாலும் 'அனுப்ப வேண்டியவை' என்று ஒரு டேபிளில் பில்லோடு சேர்த்துப் பதிந்துவிடு, பின்னணியில் தனியாக ஓடும் ஒரு வொர்க்கர் நிரல் 'ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்டு' போட்டு அதிலிருந்து எடுத்து அனுப்பட்டும். ஒருவர் எடுத்த வரியை இன்னொரு வொர்க்கர் தொடாமல் தாண்டிப் போய்விடும். 9.5-லிருந்தே இருக்கிற வசதி. இதற்காக ஒரு தனி க்யூ சர்வர் வைக்கலாமா என்று வருடத்துக்கு ஒருமுறை யாராவது கேட்கிறார்கள், எங்கள் அளவுக்கு இன்னும் தேவைப்படவில்லை.

கூடவே மூன்று டைம்அவுட். ஸ்டேட்மென்ட் (ஒரு கட்டளை ஓட), லாக் (பூட்டுக்குக் காத்திருக்க), ஐடில் இன் டிரான்சாக்‌ஷன் மூன்றுமே நிறுவும்போது 0, அதாவது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும். வெப் பயனருக்கு முறையே 15, 3, 10 விநாடி வைத்திருக்கிறேன். கான்ஃபிக் கோப்பில் பொதுவாகப் போடாமல் ஆல்டர் ரோல் கட்டளை வழியாகப் பயனர் வாரியாகப் போட்டால், ராத்திரி ஓடும் ரிப்போர்ட்டுக்கு அடி விழாது. பில் எண் வரியையும் கவுண்டர் வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி முன்னொட்டு கொடுத்தாயிற்று.

லாக் டைம்அவுட் இல்லாமல் மைக்ரேஷன் (டேபிளின் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கை நடுங்கும். ஒரு நெடுவரிசை (column) சேர்க்கிற ஆல்டர் டேபிள் கண் சிமிட்டும் நேரத்து வேலைதான், பதிப்பு 11-க்கு அப்புறம் டீஃபால்ட் மதிப்போடு சேர்த்தாலும் அநேகமாக டேபிளை முழுக்கத் திருப்பி எழுதாது. ஆனால் அதற்கு முன்னால் யாரோ ஒருவரின் நீண்ட ரிப்போர்ட் ஓடிக்கொண்டிருந்தால் ஆல்டர் காத்திருக்கும், ஆல்டர் காத்திருப்பதால் அதற்குப் பின்னால் வரும் சாதாரண செலக்ட்கூட காத்திருக்கும். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்கிறவர் கார்டைத் தேடுகிற மாதிரிதான். மூன்று விநாடியில் கிடைக்காவிட்டால் விலகிக்கொள், அப்புறம் மறுபடி முயற்சி செய் என்று ஸ்கிரிப்டிலேயே எழுதிவிட்டோம். இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) என்றால் எப்போதும் கன்கரன்ட்லி, அதாவது எழுதுவதை நிறுத்தாமல் கட்டும் முறை. பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று அங்கேயே கிடக்கும், அதை டிராப் செய்துவிட்டுத்தான் அடுத்த முயற்சி. இதை மறந்து ஒரே இண்டெக்ஸின் மூன்று பிணங்களைச் சுமந்துகொண்டு ஆறு மாதம் ஓட்டியிருக்கிறோம்.

கனெக்‌ஷன் எண்ணிக்கை பற்றிச் சுருக்கமாக. நிறுவியபடி 100, அதிலும் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியது. ஆறு ஆப் சர்வர், ஒவ்வொன்றிலும் திறந்து வைத்திருக்கும் கனெக்‌ஷன்கள் (பூல்) 20 என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். 500 என்று ஏற்றிவிட ஆசையாக இருக்கும். ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஒரு தனி பிராசஸ் என்பதால் மெமரி கரையும், அதோடு வொர்க் மெமரியின் 4 எம்பி என்பது கனெக்‌ஷனுக்கு ஒன்று இல்லை, ஒரே க்வெரியில் வரும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் (sort) தனித்தனி. கனெக்‌ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சரை நடுவில் போட்டோம், அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

நேரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் யார் சொல்வது சரி என்று யோசித்தால் எனக்கே இன்னும் சிரிப்பு வரும். சர்வர் யுடிசி (உலகப் பொது நேரம்) கடிகாரத்தில் ஓடுகிறது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி கடை ஒன்றரை மணி வரை திறந்திருக்கும். நள்ளிரவுக்கு அப்புறம் போட்ட பில்லெல்லாம் ரிப்போர்ட்டில் முந்தின நாள் கணக்கில் விழுந்தது, நமக்கும் யுடிசிக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம் இருப்பதால். நான் பதறிப்போய் முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டால், அவர் "அது அந்த நாள் வியாபாரம்தானுங்களே, அப்படியே இருக்கட்டும்" என்கிறார். ஆடிட்டரோ பில்லில் அச்சாகியிருக்கிற தேதியைக் காட்டி முறைக்கிறார். இருவரும் சரி. இப்போது ஒவ்வொரு பில்லிலும் டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன் ஒன்று, அதற்குப் பக்கத்தில் 'வியாபார நாள்' என்று வெறும் தேதி ஒன்று, இரண்டையும் பதிகிறோம். பெயரில் டைம் ஸோன் இருந்தாலும் அந்த வகை ஸோனைச் சேமிப்பதில்லை, யுடிசிக்கு மாற்றி அந்தக் கணத்தை மட்டும்தான் வைத்துக்கொள்கிறது என்பதையும் நான் வெகுநாள் தப்பாகவே புரிந்துகொண்டிருந்தேன். தேதிக்குத் தனி நெடுவரிசை வந்ததில் இன்னொரு லாபம்: முன்பு க்வெரியின் வேர் (WHERE) பகுதியில் டைம்ஸ்டாம்ப்பைத் தேதியாக மாற்றி ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம், அதனால் இண்டெக்ஸ் இருந்தும் டேபிள் முழுக்க வாசித்துக்கொண்டிருந்தது. க்வெரி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் போட்டபோதுதான் தெரிந்தது. அதில் நான் முதலில் பார்ப்பது நேரத்தை இல்லை, எத்தனை வரி வரும் என்று அது நினைத்தது, நிஜத்தில் எத்தனை வந்தது என்கிற இரண்டு எண்களை. பத்து என்று நினைத்து இரண்டு லட்சம் வந்திருந்தால் கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தமிழில் பெயர் பதிகிறவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். 'கோமதி' என்று தேடினால் ஒரு வாடிக்கையாளர் கிடைக்கவில்லை, ஆனால் பட்டியலில் கண்ணுக்கு நேராக இருக்கிறார். 'கோ' என்பதை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஓகாரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது க-வோடு ஏகாரக் குறியும் அதற்குப் பின் காலும். திரையில் இரண்டும் ஒன்றுதான், போஸ்ட்கிரெஸுக்கு வேறு வேறு. ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் யுனிக் கட்டுப்பாடுகூட இரண்டையும் உள்ளே விட்டுவிட்டது. கீபோர்டைப் பொறுத்து வருகிற வித்தியாசம் இது. பதிப்பு 13-ல் நார்மலைஸ் ஃபங்ஷன் வந்தது, இப்போது பதியும்போதே என்எஃப்சி (குறிகளை ஒன்றாகச் சேர்த்த) வடிவத்துக்கு மாற்றிவிடுகிறோம். நீளக் கட்டுப்பாடு வைக்கும்போதும் பாருங்கள், 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து, போஸ்ட்கிரெஸுக்கு ஐந்து.

அடுத்தது ஆட்டோவேக்கம், அதாவது மாற்றியதாலும் அழித்ததாலும் செத்த பழைய வரிகளைத் தானாகத் துடைக்கும் வேலை. ஒரு டேபிளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வரிகள் செத்தால்தான் துடைப்பத்தை எடுக்கும். பத்தாயிரம் வரி என்றால் பரவாயில்லை, 6 கோடி வரி உள்ள ஸ்டாக் நகர்வு டேபிளில் ஒரு கோடிக்கு மேல் குப்பை சேரும் வரை சும்மா இருக்கும். பெரிய டேபிள்களுக்கு மட்டும் அந்த விகிதத்தை 0.2-லிருந்து 0.01 ஆக்கினேன். அப்புறம், ஃபாரின் கீ (வேறு டேபிளின் வரியைக் காட்டும் இணைப்பு) போட்டால் அந்த நெடுவரிசைக்குத் தானாக இண்டெக்ஸ் வரும் என்று நினைக்காதீர்கள். ஜாங்கோ போட்டுத் தந்துவிடும், கையால் எழுதிய மைக்ரேஷனில் நீங்கள்தான் போட வேண்டும்.

பேக்கப். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. டேட்டாபேஸை நகலெடுக்கும் பிஜி டம்ப்பை, சுருக்கித் தரும் ஜிசிப்புக்குப் பைப் செய்து (ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுத்து) தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கோப்பு. ஒரு நாள் பழைய தகவல் ஒன்று தேவைப்பட்டு ஃபோல்டரைத் திறந்தால், கடைசிப் பதினொரு கோப்புகளும் சரியாக 20 பைட். பாஸ்வேர்டை மாற்றியிருந்தோம், டம்ப் தோற்றுவிட்டது, ஒன்றுமில்லாததை ஜிசிப் ஒழுங்காகச் சுருக்கி வைத்துவிட்டு வெற்றி என்று சொல்லியிருக்கிறது. பைப்பில் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான் ஷெல் பார்க்கும், பைப்ஃபெயில் போட்டால் ஒழிய. எங்கள் அதிர்ஷ்டம், அந்தப் பதினொரு நாளில் எதுவும் உடையவில்லை. 2017 ஜனவரியில் கிட்லாப் (GitLab) நிறுவனத்தில் தவறுதலாக டேட்டாபேஸ் அழிந்தபோது அவர்களே வெளிப்படையாக எழுதிய அறிக்கையிலும் டம்ப் வெகுநாளாக ஓசையில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது என்று இருக்கும். அங்கே காரணம் பதிப்புப் பொருத்தமின்மை. அதைப் படித்துவிட்டு "எப்படித்தான் கவனிக்காமல் இருந்தார்களோ" என்று ஒரு காலத்தில் பேசியவன்தான் நான். இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை புது சர்வரில் பேக்கப்பை மீட்டெடுத்து, நேற்றைய கடைசி பில் எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மதியச் சாப்பாடு.

குறை என்று சொன்னால், பெரிய டேபிளில் மொத்த எண்ணிக்கை கேட்டால் உட்கார்ந்து எண்ணும், பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டும் பட்டியல்களுக்கு அது தேவையில்லாத சுமை. க்வெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவு செய்யும் பிளானர் தப்பான வழியில் போனால் 'இந்த இண்டெக்ஸைப் பிடி' என்று சொல்ல நேரடி வழி இல்லை, எக்ஸ்டென்ஷன் தேட வேண்டும். பெரிய பதிப்பு மாற்றும்போது பிளானர் நம்பியிருக்கிற புள்ளிவிவரம் புதுப் பதிப்புக்குக் கூடவே வராது, அனலைஸ் ஓட்ட மறந்தால் திங்கட்கிழமை காலை எல்லாமே ஊரும். 18-ல் இதைச் சரிசெய்துவிட்டார்கள், நான் இன்னும் அங்கே போகவில்லை.

போவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த ஸ்டாக் நகர்வு டேபிளின் ஐடியை 2018-ல் சாதாரண இண்டிஜர் என்று வைத்துவிட்டேன், உச்சம் 214 கோடி. 6 கோடி வரிதானே என்று நிம்மதியாக இருந்தேன். போன வாரம் பார்த்தால் சீக்வென்ஸ் 90 கோடியைத் தாண்டி நிற்கிறது. ஸ்கேனர்கள் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பும், நாங்கள் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங் போட்டு இரண்டாவதை ஒதுக்குவோம், ஒதுக்கினாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு எண் செலவாகியிருக்கிறது. 4313 போன அதே வழி. பிக்இண்டாக (இன்னும் பெரிய எண் வகை) மாற்ற வேண்டும், பக்கத்தில் புது நெடுவரிசை ஒன்று வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி ஒரு ராத்திரியில் பெயரை மாற்றிக்கொள்வதாகத் திட்டம். தீபாவளி முடியட்டும்.